சபையில் ஒவ்வொருவரையும் அன்போடும் மதிப்போடும் நடத்துவது எப்படி

சபைகளில் அன்புக்குப் பெரும்பாலும் குறைவிருக்காது. நழுவிப்போவது மதிப்புதான். உதவி செய்தவர் மனநிறைவோடு வீடு திரும்புவார். அதை வாங்கியவர் கூனிக்குறுகிப் போயிருப்பார். ஜெபித்தவர் பாரத்தோடுதான் ஜெபித்திருப்பார். யாருக்காக ஜெபித்தாரோ அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். இருவர் பக்கமும் கெட்ட எண்ணம் இல்லை. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததுதான் கோளாறு.

எரிகோ வழியில் பர்திமேயு கூப்பிட்டபோது, அவனுக்குப் பார்வை இல்லை என்பது கூட்டம் முழுவதற்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனைப் பார்த்து, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). கேட்டபிறகுதான் செய்தார். இந்த வரிசையைச் சபையின் அன்றாட வேலைகளில் எப்படிக் கொண்டுவருவது என்பதையே இங்கே எழுதியிருக்கிறோம்.

வாசலில்

வரவேற்க இரண்டு பேர் போதும். ஒருவர் வாசலை விட்டு நகரக்கூடாது; மற்றவர் புதிதாக வந்தவரோடு உள்ளே நடந்துபோய் இடம் காட்டவேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் பார்த்தால், பின்னால் வருகிறவர்கள் யாரும் கவனிக்காமலே உள்ளே போய்விடுவார்கள்.

முதலில் பெயரைக் கேளுங்கள். பழக்கமில்லாத பெயராக இருந்தால், "சரியாகச் சொல்கிறேனா?" என்று இன்னொருமுறை கேட்பதில் தவறில்லை. அன்றைக்கே குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வாரம் பெயர் சொல்லி அழையுங்கள். ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர்களில் ஒருவரான ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். நேரில் பார்க்காத சபைக்கு எழுதும்போதே அவ்வளவு பெயர்களை நினைவில் வைத்திருந்தார்.

கேட்கக்கூடாதவையும் உண்டு. "கல்யாணம் ஆயிடுச்சா?", "எத்தனை பிள்ளைங்க?", "எங்க வேலை பார்க்கிறீங்க?" என்பவை நமக்குச் சாதாரண விசாரிப்பு. துணையை இழந்தவருக்கும், பிரிந்து வாழ்கிறவருக்கும், குழந்தைக்காகக் காத்திருக்கிறவருக்கும், போன வாரம் வேலை போனவருக்கும் அதே கேள்வி ஊசியாக இறங்கும். அவர்களாகச் சொல்லும்வரை விட்டுவிடுங்கள். புதியவர்களை எழுப்பி மைக்கைக் கையில் கொடுத்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வதும் வேண்டாம். கூச்சமுள்ளவர் அந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடி வரமாட்டார்.

உண்மையான சோதனை ஆசீர்வாதம் கூறி முடிந்தபின்தான் தொடங்குகிறது. பழகியவர்கள் பழகியவர்களைத் தேடிப் போய்விடுவார்கள். புதியவர் செல்போனைப் பார்த்தபடி தனியே நிற்பார். முதல் 5 நிமிடம் இதுவரை பேசாத ஒருவரிடம் பேசுவது, அதன்பிறகுதான் நண்பர்களிடம் போவது என்று மூப்பர்களும் பாடகர் குழுவும் முடிவெடுத்து நடந்துகாட்டினால், சில மாதங்களில் மற்றவர்களுக்கும் அது பழகிவிடும்.

நாவில்

தமிழில் மதிப்பும் அவமதிப்பும் வினைச்சொல்லின் கடைசி எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மருத்துவர் "வந்தார்", ஆலயத்தைப் பெருக்குகிறவர் "வந்தான்". ஒரே அறிவிப்பில் இரண்டும் வரும். சொல்கிறவர் கவனிக்கமாட்டார், பெருக்குகிறவர் வீட்டுப் பிள்ளைகள் கவனிப்பார்கள். கர்த்தரைத் துதிக்கிற அதே நாவால், அவருடைய சாயலாக உண்டாக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறோமே என்று யாக்கோபு 3:9 கேட்பது சாபத்தைப் பற்றித்தான். ஆனாலும் ஒருமையில் விளிப்பதற்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

திருத்துவது எளிது. இரண்டு வாரம் சபை அறிவிப்புகளையும் குழுக் கூட்டங்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். யார் யார் "அவர்", யார் யார் "அவன்", "அவள்", "அது" ஆகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வயது வந்த எல்லாருக்கும் "வாங்க, போங்க, அவர், அவங்க" என்பதே சபையின் பேச்சு என்று முடிவு செய்யுங்கள். வேலையை வைத்துக் கூப்பிடுவதை விட்டுப் பெயரோடு அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளியைப் பற்றி அவரோடு வந்தவரிடம், "இவர் தண்ணி குடிப்பாரா?" என்று கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

இடமும் ஒலியும்

பொன்மோதிரம் போட்டு வருகிறவருக்கு நல்ல இருக்கை, அழுக்கு உடையோடு வருகிறவருக்கு நிற்க ஒரு மூலை என்ற பழக்கத்தை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. முன்வரிசையை ஒதுக்கியே ஆகவேண்டுமென்றால், காது மந்தமானவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் ஒதுக்குங்கள். யார் தாமதமாக வந்தாலும், அவருக்காக உட்கார்ந்திருப்பவரை எழுப்பாதீர்கள்.

சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்கவேண்டும். அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம். அவசரத்துக்குப் பலகை சாய்த்துவைத்தால் சரிவு கூடிப்போய், சக்கர நாற்காலி பின்னால் உருளும். உள்ளே ஒரு வரிசையின் நடுவில் நாற்காலிகளை எடுத்து, 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள இடம் விடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரை நடைபாதையில் நிறுத்தினால் அவர் குடும்பத்தை விட்டுத் தனியாகத் தெரிவார். அவரைக் கேட்காமல் நாற்காலியைத் தள்ளவே கூடாது. அது அவர் உடம்பைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

பாடல் தாள்களில் சிலவற்றையாவது 18 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள பெரிய எழுத்தில் அச்சிட்டுவையுங்கள். "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே கேட்கும்" என்று சொல்கிறவரிடமும் மைக்கைக் கொடுங்கள். கேட்கவில்லை என்று எழுந்து சொல்லக் காது மந்தமானவர் கூசுவார்.

உதவி கொடுக்கும்போது

அதிகமாகக் காயப்படுத்துவது இந்த இடத்தில்தான். உபாகமம் 24:10, 11-ல் ஒரு சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகை வாங்குவதற்குக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், அவனே எடுத்துக்கொண்டு வருவான். கடன்பட்டாலும் அந்த வாசற்படி அவனுடையது. உதவிக்கு வந்ததாகச் சொல்லி ஒருவரின் வீட்டையும் சமையலறையையும் கண்ணால் அளக்கும் நாம் அந்தச் சட்டத்தை நின்று வாசிக்கவேண்டும்.

நடைமுறை இப்படி இருக்கலாம்:

1. உதவி நிதியை இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர், கவனிக்கட்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருக்கு வேண்டியவர்களுக்கே போகும் அல்லது அப்படியொரு சந்தேகம் வரும். ஐந்தாறு பேர் என்றால் விஷயம் வெளியே போய்விடும்.

2. அவர்களில் ஒருவர் மட்டும் தனியாகப் பேசட்டும். "இந்த மாதம் எது ரொம்பச் சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். வாடகைக்குத் திண்டாடுகிறவர் வீட்டில் மளிகைப் பையை இறக்கிவிட்டு வருவது, கேட்காததால் வருகிற பிழை.

3. முடிந்தவரை பணமாகவே கொடுங்கள். எதை முதலில் அடைக்கவேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். பொருளாகக் கொடுத்தால், அதை உங்கள் வீட்டில் பயன்படுத்துவீர்களா என்று பாருங்கள். உடையென்றால் துவைத்து, பொத்தானும் ஜிப்பும் சரிபார்த்தபிறகே கொடுக்கவேண்டும்.

4. மூடிய கவரில் அல்லது வங்கிக் கணக்கில் போகட்டும். மேடைக்கு அழைக்கவேண்டாம். புகைப்படம் எடுக்கவே வேண்டாம். சபைக்குக் காட்டும் கணக்கில் பெயருக்குப் பதில் எண் போதும். பெயர்ப் பட்டியலை அந்த இரண்டு மூன்று பேரும் தணிக்கை செய்கிறவரும் மட்டும் பார்க்கட்டும்.

5. நிபந்தனை போடாதீர்கள். வாராவாரம் வரவேண்டும், சாட்சி சொல்லவேண்டும் என்றால் அது கூலியாகிவிடும்.

6. இரண்டு மூன்று வாரம் கழித்து வேறொரு விஷயமாகப் பேசுங்கள். உதவியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், அந்த உறவில் அவர் எப்போதும் வாங்குகிறவராகவே நிற்பார்.

இன்னொன்று. அவர் உங்களுக்கு எதையாவது செய்ய முன்வந்தால் தடுக்காதீர்கள். நாற்காலி அடுக்க, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க அவர் விரும்பினால் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்ற மறுப்பு அன்பாகத்தான் ஒலிக்கும். உங்களால் எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை என்றே அது அவர் காதில் விழும்.

எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் நாட்களிலும் இதைப் பாருங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்தார் (1 கொரிந்தியர் 11:20–22). ஆளுக்கொன்று கொண்டுவரும் விருந்தென்றால், யார் எதைக் கொண்டுவந்தார் என்று பெயர் ஒட்டாதீர்கள். வெறுங்கையோடு வருகிறவருக்கும் அதே வரிசை, அதே தட்டு இருக்கட்டும்.

ஜெபக்குறிப்புகள்

"ஜெபிச்சுக்கோங்க" என்ற சொல்லோடு ஒரு குடும்பத்தின் ரகசியம் ஊரைச் சுற்றிவந்துவிடும். சொன்னவர் உண்மையாகவே ஜெபத்துக்காகத்தான் சொல்லியிருப்பார். புறங்கூறுகிறவன் ரகசியத்தை வெளிப்படுத்துகிறான் என்று நீதிமொழிகள் 11:13 சொல்லும்போது, ஜெபத்துக்கு விதிவிலக்கு கொடுக்கவில்லை.

ஒருவர் தன் பாரத்தைச் சொன்னதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருக்கெல்லாம் சொல்லலாம்? எவ்வளவு சொல்லலாம்? இது முடிந்தபின் குழுவுக்கு நான் சொல்லவேண்டுமா, நீங்களே சொல்கிறீர்களா? பதில் தெளிவாக இல்லையென்றால், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போடுவதை யாராவது படமெடுத்து வேறு குழுவுக்கு அனுப்புவார்கள் என்று எண்ணியே எழுதுங்கள். "நம் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு சகோதரியின் கணவர் குடியை விடும்படி ஜெபியுங்கள்" என்ற வரியில் பெயர் இல்லை. ஆனால் பாடகர் குழுவில் திருமணமான பெண்கள் மூன்று பேர்தான் என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். "கடினமான நாட்களில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்றால் போதும். விவரம் தேவனுக்குத் தெரியும்.

உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு என்றால் ரகசியம் காக்கமுடியாது. இதை அவர் பேசத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாம் சொல்லிமுடித்தபின் "இதை நான் சொல்லியாகவேண்டும்" என்றால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

நேரில் ஜெபிக்கும்போது, தலையில் கைவைக்கும் முன் "கை வைக்கலாமா?" என்று கேளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் முன்கூட்டியே நேரம் கேட்டு, 15–20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். நின்றுகொண்டு பேசினால் அவர் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கும், உட்காருங்கள். நோய் ஏன் வந்தது என்று விளக்காதீர்கள். துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். அவர்கள் தவறியதெல்லாம் வாய் திறந்தபிறகுதான்.

மனக்கசப்பு வந்தால்

மத்தேயு 18:15–17 காட்டும் வரிசை தெளிவு: முதலில் தனியே இருவர், பிறகு ஓரிருவரோடு, அதன்பின்தான் சபை. இந்த முதல் படியைத் தாண்டி நேரே போதகரிடமோ குழுவிடமோ போவதால்தான் பல சண்டைகள் பெரிதாகின்றன. பேசும்போது நடந்த ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற வரி வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆனால் இந்த வசனத்தைத் தவறாகப் பயன்படுத்தும் இடம் ஒன்றுண்டு. அடிக்கப்பட்டவரை, பாலியல் சீண்டலுக்கு ஆளானவரை, "நீங்க முதல்ல அவரிடம் தனியா பேசுங்க" என்று அனுப்பக்கூடாது. வலுவானவரிடம் தனியே அகப்படுவதுதான் அவருக்கு நேர்ந்த கேடே. முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவரிடம் கேட்டே முடிவெடுங்கள். பாதிக்கப்பட்டது குழந்தையென்றால் உடனே காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். சபைக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்ள வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர் ஊழியராக இருந்தால், விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலகியிருக்கட்டும்.

தங்கள் விதவைகள் தினசரிப் பங்கீட்டில் விடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முறுமுறுத்தபோது, எருசலேம் சபை அவர்களை அடக்கவில்லை. 7 பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைத்தது. அப்போஸ்தலர் 6:5-ல் உள்ள ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் யாரோ அவர்களிலிருந்தே ஆட்களை முடிவெடுக்கும் இடத்தில் உட்காரவைப்பது இன்றைக்கும் செய்யக்கூடியதுதான். உங்கள் குழுப் பட்டியலை எடுத்து, உதவி வாங்கியவர், தனியாக வாழ்கிறவர், இளையவர் யாராவது அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

வராமல் போனவர்கள்

இரண்டு வாரம் ஒருவரைக் காணவில்லையென்றால், அவருக்கு நெருக்கமான ஒருவர் பேசட்டும். "ஏன் வரலை?" என்பது விசாரணை. "உங்களைப் பார்க்காம என்னவோ போல இருக்கு, நல்லா இருக்கீங்களா?" என்பது போதும். சபை மேல் வருத்தம் என்று சொன்னால் விளக்கம் கொடுக்காமல் கேளுங்கள். தவறு நம்முடையதென்றால் "நாங்கள் செய்தது தவறு" என்று சொல்லுங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் மன்னிப்பு புண்ணை இன்னொருமுறை கீறும். தவறு சபையார் முன்னிலையில் நடந்திருந்தால், அவர் சம்மதித்தால், மன்னிப்பையும் அவர்கள் முன்னிலையில் கேளுங்கள்.

ஒருநாள் அவர் திரும்பி வருவார். "இப்பதான் வழி தெரிஞ்சதா?" என்ற கேலி வேண்டாம், எழுப்பி வரவேற்கவும் வேண்டாம். அவர் வழக்கமாக உட்காரும் வரிசையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் விடச் சொல்லுங்கள்.