நீதிப்பேராணை மனு எண் பெறாமல் திரும்பிய கதை

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் காரணம் சொல்லப்படாமல் நின்றது. அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் செயலுறுத்தும் நீதிப்பேராணை (அதிகாரி தன் கடமையைச் செய்யும்படி நீதிமன்றம் இடும் ஆணை) கேட்டு மனு போட்டோம். மனுவுக்கு எண்ணே தராமல், அதாவது விசாரணைக்கு ஏற்காமல், நீதிமன்றப் பதிவகம் இரண்டு முறை திருப்பியது.

முதலில் முத்திரைக் கட்டணத்தைச் சந்தேகித்தேன். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு பக்க எண்கள், மங்கலான நகல்கள் என்று எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்தோம். பன்னிரண்டு நாள் வீண்.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. இவ்வகை ஆணை கேட்பவர், பொதுவாக அந்தக் கடமையைச் செய்யவேண்டிய அதிகாரியிடமே முன்பு எழுத்தில் கோரியிருக்க வேண்டும். அவர் மறுத்தோ மௌனமாகவோ இருந்திருக்க வேண்டும். நான் இணைத்தது குறைதீர்ப்பு இணையதளத்தின் ஒப்புகை. அதில் ஒரு எண் மட்டும்தான்; கோரிக்கை என்ன, யாருக்குப் போனது என்று ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு, அது போய்ச் சேர்ந்தது எதிர்மனுதாரர் (நாங்கள் யார்மீது மனு போட்டோமோ அந்த அதிகாரி) அல்லாத வேறொரு அலுவலகத்துக்கு.

எதிர்மனுதாரரின் பதவிப் பெயரை மனுவில் உள்ளபடியே எழுதி, ஒப்புகை அட்டையுடன் புதிய கோரிக்கையைத் தபாலில் அனுப்பினேன். திரும்பி வந்த அட்டையில் தேதி முத்திரை மை கலைந்து படிக்கவே முடியவில்லை. (இதற்காக நான்காம் முறை அலைய நான் தயாரில்லை.) தபால் துறைத் தளத்தில் பட்டுவாடா விவரத்தை அச்செடுத்துச் சேர்த்தேன். ஒரு மாதம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத் தாக்கல் செய்தோம்.

எண் கிடைத்தது. முதல் விசாரணையிலேயே, கோரிக்கையை எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவு. ஏழாவது வாரம் நிலுவைத்தொகை வந்தது.