இலங்கை மலைநாட்டிலிருந்து நீலகிரிக்கு வாழ வரும் தங்கச்சிமாருக்கு: பொலிஸ் என்ட்ரியை (புகார்ப் பதிவை) நம்பி இருந்துவிடாதீர்கள்

ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ கல்யாணம் முடித்து வருகிறவர்களுக்கு வெளிநாடு வந்த மாதிரியே இருக்காது. அதே தேயிலை, அதே குளிர். மலையகத் தமிழரில் பல பேரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் (1964) பிறகு வந்த நம்ம சனம் பக்கத்து வீட்டிலேயே இருக்கும். சட்டமும் அங்கே மாதிரித்தான் என்று நினைக்கத் தோன்றுவது அதனால்தான்.

வீசா, வெளிநாட்டவர் பதிவு, திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை வீட்டாரே ஓடித் திரிவார்கள். ஓடட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து ஊரில் அம்மாவின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். நான் எழுத வந்த விஷயம் வேறு.

என் சிநேகிதி ஒருத்தி, பதுளைக்காரி. புருஷன் விவாகரத்து நோட்டீஸும் அனுப்பிவிட்டு, அதே வீட்டில் இருந்துகொண்டு ராத்திரியில் அவள் அறைக் கதவை உதைப்பான். ஊர்ப் பழக்கத்தில் பொலிஸுக்குப் போனாள். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பொலிஸே நமக்காக நீதவானிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) போய், அடிக்கிறவனைத் தள்ளி நிறுத்தும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இங்கேயும் அப்படி நடக்கும் என்று நம்பிப் போனவளை, அவனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “பேசித் தீர்த்துக்கோங்கம்மா” என்றார்கள். கடைசியில் ஒரு வெள்ளைத் தாள் வந்தது. ‘நானாகவே அம்மா வீட்டுக்குப் போகிறேன், யார் மீதும் புகார் இல்லை.’ அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று இருந்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பிறகு அந்தத் தாள்தான் விவாகரத்து மனுவோடு வந்து நின்றது: மனைவி தானாகவே வீட்டை விட்டுப் போனாள், இதோ அவள் கையெழுத்து. அவன் உதைத்த கதவுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஆகவே, சமாதானம் என்று சொல்லி நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்துக்கு 112, நம்ம 119 இங்கே உதவாது. பெண்களுக்கு 181, எந்த நேரமும் பேசலாம். புகார் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் எழும்ப வேண்டாம். சரி, ரசீது வந்துவிட்டது, அது அவனைத் தள்ளி நிறுத்துமா? நிறுத்தாது. அதற்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடமோ பெண்களுக்கு உதவும் அரசு ‘சகி’ மையத்திலோ போய் நடந்ததைச் சொல்லுங்கள். பாதுகாப்பு அலுவலர் டி.ஐ.ஆர். என்ற குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை எழுதுவார். அதை வைத்து, இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 12இன் கீழ் மனுப் போடலாம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் மாஜிஸ்திரேட் கோர்ட் உண்டு. இந்தியப் பிரஜையா என்று சட்டம் கேட்பதில்லை, தற்காலிகமாகக் குடியிருந்தாலே போதும். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் தடையில்லை, அந்தக் கோர்ட்டிலேயேகூடக் கேட்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாவில் இழுத்தடிப்பதும் உண்டு என்பதால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள். உத்தரவை மீறினால் 1 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலங்கையில் பாதுகாப்புக் கட்டளை கூடினால் 12 மாதம்தான். இங்கே நீங்களாக ரத்துக் கேட்கும் வரை இருக்கும். இந்த ஒன்றில் இந்தியாதான் மேல், நம்ம ஊர்ப் பாசத்தோடே சொல்கிறேன்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவை விசாரியுங்கள்.

“வீடு மாமனார் பேரில், உனக்கு என்ன உரிமை?” என்பார்கள். நீங்கள் குடித்தனம் நடத்திய வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

அப்புறம், மாமியார் பீரோவில் பூட்டியிருக்கும் பாஸ்போர்ட். நகைப் பட்டியலைக் கிராம் கணக்கோடு எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே மனுவில், உங்கள் பொருளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கும் இடத்தில், நகைக்கு முன்னால் பாஸ்போர்ட்டை எழுதுங்கள், நம்பரோடு.