உங்கள் புளோக் கூரையில் சூரியசக்தி, உங்கள் வீட்டில் மின்கட்டணம்: கணக்குப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக் கூரைகளில் சூரியசக்தித் தகடுகள் ஏறத் தொடங்கியதிலிருந்து மின்தூக்கியிலும் காப்பிக்கடையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "மேலே அவ்வளவு தகடு போட்டிருக்கிறார்களே, நம்ம கரண்ட் பில் மட்டும் ஏன் குறையவே இல்லை?"

காரணம் ஒன்றுதான். அந்த மின்சாரம் உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கூரை, புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு, வீட்டு மீட்டர் உங்கள் பொறுப்பு. இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எங்கே என்ன மிச்சமாகிறது என்பது புரியும். மின்சாரம் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் செய்யக்கூடிய வரிசையில் எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் போதும்.

படி 1: கூரையில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008இல் சிராங்கூன் நார்த்திலும் வெலிங்டன் சர்க்கிளிலும் சூரியசக்தியை முதலில் சோதித்துப் பார்த்தது. 2014இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து 'சோலார்நோவா' திட்டம் வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. பல அரசாங்க அமைப்புகளின் கூரைகளைச் சேர்த்து ஒரே பெரிய ஏலக்குத்தகையாக விடுவதுதான் அதன் சூட்சுமம். கூரைகள் கூடக்கூட விலை குறையும். 2030க்குள் வீவக கூரைகளில் மட்டும் 540 மெகாவாட் திறன் என்பது வீவகவின் இலக்கு.

பணம் யார் போடுகிறார்கள்? பெரும்பாலும் தனியார் நிறுவனம்தான். தகடுகளை வாங்குவது, பொருத்துவது, பராமரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நகர மன்றம் அந்தத் தகடுகள் தரும் மின்சாரத்தை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்கிறது. அந்த விலை வழக்கமான மின்கட்டணத்தைத் தாண்டாது.

அப்படி வாங்கும் மின்சாரம் மின்தூக்கிக்கும், தண்ணீர் ஏற்றும் பம்புக்கும், பொது விளக்குகளுக்கும் போகிறது. நண்பகலில் உற்பத்தி அதிகம், அந்த நேரத்தில் தாழ்வார விளக்கு எரியாது. அதனால் மிஞ்சுவது மின்கட்டமைப்புக்குள் போய்விடும். இரவில் விளக்கு எரியும்போது அதே கட்டமைப்பிலிருந்து மின்சாரம் திரும்ப எடுக்கப்படுகிறது. அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் உற்பத்தியானது, ஏனென்றால் சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இன்னும் எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. "எங்கள் புளோக் முழுக்கச் சூரிய வெளிச்சத்தில் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால், இரவு எட்டு மணிக்கு அவரை மின்தூக்கி அருகில் நிறுத்தி இதை விளக்குங்கள்.

உங்களுக்கு இதில் கிடைப்பது மறைமுகமான பலன். நகர மன்றத்தின் மின்செலவு குறைந்தால், நீங்கள் அதற்கு மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தை ஏற்ற வேண்டிய நெருக்கடியும் கொஞ்சம் தளரும்.

படி 2: உங்கள் கூரை எவ்வளவு தருகிறது என்று மதிப்பிடுங்கள்

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தகடு தெரியாது. கைப்பேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து உங்கள் புளோக்கைப் பெரிதாக்குங்கள். கருநீலச் செவ்வகங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு வரிசையில் எத்தனை, மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ணிப் பெருக்குங்கள். படம் பழையதாக இருக்கலாம். பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்திலிருந்து சில புளோக்குகளின் கூரை தெரியும்.

உதாரணத்துக்கு 200 தகடுகள் என்று வையுங்கள். ஒரு தகடு 400 வாட் என்று எடுத்துக்கொள்வோம் (பழையவை இதைவிடக் குறைவு, புதியவை அதிகம்). 200 × 400 = 80,000 வாட், அதாவது 80 கிலோவாட். சிங்கப்பூர் வானிலையில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். இங்கே யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. ஆக 80 × 1,200 = 96,000 யூனிட், மாதத்துக்கு 8,000.

மாதம் 370 யூனிட் செலவழிக்கும் நாலறை வீட்டோடு ஒப்பிட்டால், இது இருபத்தொன்று, இருபத்திரண்டு வீடுகளுக்கான மின்சாரம். ஒரு புளோக்கில் நூறு வீடுகளுக்கு மேல் இருப்பது சாதாரணம். உயரமான கட்டடத்துக்குக் கூரை சின்னது, வீடுகள் நிறைய. இடப்பற்றாக்குறைதான் இந்த ஊரின் சூரியசக்திக் கதை முழுவதும். அதனால்தான் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் தகடுகளை மிதக்கவிட்டார்கள். 2021இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் திறன் 60 மெகாவாட், பரப்பு சுமார் 45 ஹெக்டர்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் ஏன் 1,200தான்? மேகம் ஒரு காரணம், சூடு இன்னொரு காரணம். தகடு சூடேற ஏற அதன் உற்பத்தி குறையும். வெளிச்சம் வேண்டும், வெப்பம் வேண்டாம் என்பது அதன் சுபாவம். சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் தகடுகளை இங்கே படுக்கையாகவே வைக்கலாம். ஆனாலும் மழைநீர் வழிந்து அழுக்கைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று கொஞ்சம் சாய்த்து வைக்கிறார்கள்.

படி 3: இனி உங்கள் வீடு. வெள்ளியை மறந்து யூனிட்டைப் பாருங்கள்

மின்கட்டண பில் அனுப்பும் எஸ்பி குழுமத்தின் செயலியைத் திறந்து மாதாந்தர மின்பயன்பாட்டைப் பாருங்கள். கட்டணத் தொகையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஏனென்றால் அதில் தண்ணீரும் எரிவாயுவும் கலந்திருக்கும். தகுதியுள்ள வீவக வீடுகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யூ-சேவ் என்ற அரசாங்கக் கட்டணக் கழிவு வேறு விழும். போன மாதம் பில் பாதியாகிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், உண்மையில் செலவு கூடியிருக்கும். கட்டண விகிதமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். மாறாமல் நிற்கும் அளவுகோல் யூனிட் ஒன்றுதான்.

கடந்த பன்னிரண்டு மாத எண்களை நோட்டில் எழுதுங்கள். உங்களைப் போன்ற வீடுகளின் சராசரியும் பக்கத்திலேயே காட்டப்படும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வகை மீட்டர் என்றால், சில மாதங்களின் எண் நேரில் பார்க்காமல் மதிப்பிட்டுப் போட்டதாக இருக்கும். இரண்டிரண்டு மாதமாகக் கூட்டிப் பார்த்தால் குழப்பம் வராது. நவீன மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பயன்பாடு தெரியும். அடுத்த படிக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

படி 4: தின்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை, பின்னுரை என்றே சொல்லலாம்.

முதலில் சும்மா இருக்கும்போது வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தோடு வெளியே போகிற நாளில், கிளம்பும்போது மீட்டர் எண்ணைப் படமெடுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு படம். வித்தியாசத்தை மணிக்கணக்கால் வகுத்தால் வீட்டின் 'அடிமட்டச் செலவு' கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டி, வைஃபை, தொலைக்காட்சிப் பெட்டி, சாமி மாடத்துச் சின்ன விளக்கு எல்லாம் இதில் அடங்கும். தொடர்ந்து 100 வாட் இழுத்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 21 வெள்ளி 60 காசு. யாருமில்லாத வீட்டுக்கு!

அடுத்தது ஏர்கான். இது பிளக்கில் மாட்டுவது அல்ல, நேரடியாக வயரில் இணைந்தது. கடையில் விற்கும் பிளக் வாட்மீட்டரால் இதை அளக்க முடியாது. வேறு வழி உண்டு. ஓர் இரவு விசிறி மட்டும், மறு இரவு ஏர்கான். படுக்கும்போதும் எழும்போதும் மீட்டர் எண்ணைக் குறியுங்கள், அல்லது செயலியின் அரைமணி வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு இரவுக்கும் உள்ள வித்தியாசம் 4 யூனிட் என்றால் இரவுக்கு 1 வெள்ளி 20 காசு, மாதம் 36 வெள்ளி, ஓர் அறைக்கு. பிறகு வெப்பநிலையை 26க்கு ஏற்றி, விசிறியையும் சேர்த்துப் போட்டு இன்னோர் இரவு அளந்து பாருங்கள். "26இல் தூக்கமே வராது" என்று சாதிக்கும் பிள்ளைகளிடம் வாதாடுவதைவிட எண்ணைக் காட்டுவது நல்லது. தூசி வடிகட்டியைக் கழுவிய பிறகும் அளந்து பாருங்கள்.

குளியலறை ஹீட்டரும் இதே வகைதான், பிளக் கிடையாது. 3 கிலோவாட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் அரை யூனிட், 15 காசு. இதில் பெரிய பயமில்லை. தொட்டி வைத்த ஹீட்டரை நாள் முழுக்க அணைக்காமல் விடுவதுதான் வீண். யாரும் குளிக்காதபோதும் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்க அது விட்டுவிட்டு மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். குளிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு போட்டு, முடிந்ததும் அணைத்தால் போதும்.

பிளக் உள்ளவற்றை வாட்மீட்டரில் மாட்டிப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியை முழுதாக ஒரு நாள் அளக்க வேண்டும், ஏனென்றால் அதன் மோட்டார் நின்று நின்று ஓடும்.

மாவரைக்கும் கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது போடும் சத்தத்தில் வீட்டில் உள்ளவர்கள் மின்கட்டணப் பழியை அதன் தலையில் போட்டுவிடுவார்கள். 200 வாட் கிரைண்டர் அரைமணி ஓடினால் 0.1 யூனிட், மூன்று காசு. இட்லிக்கு அரைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சத்தம் போடாமல் இரவெல்லாம் ஓடும் சாதனம்தான் சந்தேகத்துக்குரியது.

படி 5: அளந்த பிறகே வாங்குங்கள்

சாதனங்களில் ஒட்டியிருக்கும் எரிசக்தி முத்திரையில் ஒன்று முதல் ஐந்து டிக் வரை இருக்கும். பலர் டிக்கை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள். டிக் என்பது அந்த அளவுள்ள சாதனங்களுக்குள் நடக்கும் ஒப்பீடு. பெரிய பெட்டி அதிக டிக் வாங்கியும், குறைந்த டிக் உள்ள சின்னப் பெட்டியைவிட அதிக மின்சாரம் குடிக்கலாம். முத்திரையில் யூனிட் கணக்கும் அச்சாகியிருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

வாங்குவதற்கு முன், சிக்கனமான சாதனங்கள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு மீதமிருக்கிறதா என்று சிங்பாஸ் வழியாகப் பாருங்கள். தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025இல் மேலும் 100 வெள்ளி கொடுத்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். ஐந்து டிக் ஏர்கான், மூன்று டிக்குக்குக் குறையாத குளிர்சாதனப் பெட்டி, எல்இடி விளக்கு, டிசி மோட்டார் விசிறி போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். என் கருத்தில் முதலில் விசிறியை மாற்றுங்கள். நாள் முழுக்கச் சுற்றும் சாதனம் அது, பழையது 70 வாட் என்றால் டிசி விசிறி அதில் பாதிதான். நல்ல விசிறி இருந்தால் ஏர்கான் நேரமும் தானாகக் குறையும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றுச்சீட்டு இருக்கிறது என்பதற்காகத் தூக்கிப் போடாதீர்கள்.

மின்விற்பனையாளரை மாற்றுவது வேறு விஷயம். அது விலையைக் குறைக்கலாம், யூனிட்டைக் குறைக்காது. ஒப்பந்தக் காலத்தையும் முன்கூட்டியே விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2021 இறுதியில் எரிவாயு விலை ஏறியபோது பல விற்பனையாளர்கள் சந்தையை விட்டே போனார்கள்.

படி 6: திரும்பவும் நகர மன்றத்துக்கு

வீவக பசுமை நகரத் திட்டம் 2020இல் தொடங்கியது. வீவக நகரங்களின் எரிசக்திப் பயன்பாட்டை 2030க்குள் 15 விழுக்காடு குறைப்பது இலக்கு. அதில் தகடுகள் ஒரு பகுதிதான். ஆள் நடமாட்டத்துக்கு ஏற்ப மங்கிப் பிரகாசிக்கும் எல்இடி விளக்குகள், இறங்கும்போது மின்சாரத்தை மீட்டெடுக்கும் மின்தூக்கிகள் ஆகியவையும் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. பட்டப்பகலில் தாழ்வார விளக்கு எரிந்தால் படமெடுத்து, புளோக் எண்ணோடு ஒன்சர்வீஸ் செயலியில் புகார் செய்யுங்கள். இரண்டாவது, நகர மன்றத்தின் ஆண்டறிக்கையை அதன் இணையத்தளத்தில் தேடி, கணக்குப் பகுதியில் பயனீட்டுச் செலவு என்ற வரியை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அடுத்த வசிப்போர் கூட்டத்தில் கேளுங்கள்: விலை ஏறியதாலா, யூனிட் ஏறியதாலா? இந்த ஒரு கேள்விக்கே கூட்டத்தில் நல்ல விவாதம் நடக்கும்.

தரைவீட்டில் இருப்பவர்களுக்கு

கூரை உங்களுடையது என்பதால் தகடுகளை நீங்களே போடலாம். மேலே சொன்ன 1,200 யூனிட் கணக்கே உங்களுக்கும் பொருந்தும். ஆனால் பக்கத்துக் கட்டட நிழலும் மர நிழலும் விழுந்தால் குறையும். உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலமாகத்தான் இணைக்க வேண்டும். மிஞ்சும் மின்சாரம் கட்டமைப்புக்குப் போகும்போது உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். அந்த வரவு விகிதம் நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு, ஏனென்றால் கட்டமைப்புக் கட்டணம் அதில் கழிக்கப்படும். ஆகவே துணி துவைக்கும் இயந்திரத்தை இரவில் ஓட்டும் பழக்கம் இருந்தால் அதைப் பகல் 11 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.