“எனக்குத் திறக்குதே மேடம்!” – பாடப்பக்கத்தில் ஜர்னல் லிங்க் போடுவோர் செய்யும் தவறுகள்

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு நூலக வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. மறுநாள் காலை செமினார். பாடப்பக்கங்கள் வைக்கும் மூடுல் தளத்தில் பேராசிரியர் லிங்க் கொடுத்திருந்த கட்டுரையை மாணவி திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிகிறது, கீழே டாலரில் விலை. காலையில் பேராசிரியரிடம் கேட்டேன். “எனக்குத் திறக்குதே மேடம்!” என்றார். திறக்கத்தான் செய்யும். அவர் உட்கார்ந்திருப்பது துறை அறையில், கல்லூரி வைஃபையில்.

நான் பார்க்கும் பெரும்பாலான குளறுபடிகளுக்கு இதுதான் வேர். கல்லூரி இணைய இணைப்பின் அடையாளமான ஐபி எண்ணை வைத்துத்தான் பல பதிப்பகங்கள் நம்மை அடையாளம் காண்கின்றன. வளாகத்துக்குள் இருந்து கேட்டால் யார், என்ன என்று விசாரிக்காமலே கட்டுரை வந்துவிடும். அதே லிங்க்கை ஊரில் இருந்துகொண்டு மொபைல் டேட்டாவில் தட்டும் மாணவர் அவர்களுக்கு முன்பின் தெரியாத ஆள். ஆகவே லிங்க் போட்டதும் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், இன்காக்னிடோ விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை. செய்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது, மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே காப்பி எடுப்பது. சயின்ஸ்டைரக்ட் என்ற ஜர்னல் தளத்தில் ஒரு பிடிஎஃபைத் திறந்துவிட்டு முகவரியைப் பாருங்கள். நாலைந்து வரிக்கு நீளும் எழுத்துக் குப்பை. அது அந்த நேரத்துக்கு மட்டும் தரப்படும் தற்காலிக டோக்கன். சற்று நேரத்தில் காலாவதியாகிவிடும். காலையில் நீங்கள் போட்டது மதியம் யாருக்கும் திறக்காது, உங்களுக்கும்தான். எப்ஸ்கோ போன்ற தளங்களில் பெர்மாலிங்க், அதாவது மாறாத முகவரி, தனியாகக் கொடுப்பார்கள். ஜேஸ்டோரில் ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லும் அதன்பின் எண்ணும் உள்ள முகவரிதான் நிலையானது.

இவை எல்லாவற்றையும்விட நல்லது டிஓஐ. 10 என்று தொடங்கும் அந்த எண், கட்டுரைக்கு ஆதார் எண் மாதிரி. ஜர்னல் ஒரு பதிப்பகத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கை மாறினாலும், எண் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அவர்கள் திருத்திக்கொள்வார்கள்; நீங்கள் எதையும் தொட வேண்டாம். ஆனால் காப்பி எடுக்கும்போது வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த ஒரு புள்ளி போதும், ‘கிடைக்கவில்லை’ என்று பதில் வர. வைலி பதிப்பகத்தின் பழைய கட்டுரைகள் சிலவற்றில் டிஓஐக்குள்ளேயே கோண அடைப்புக்குறிகள் இருக்கும். மூடுலில் நாம் எழுதும் எடிட்டர் பெட்டி அவற்றை எச்டிஎம்எல் குறியீடு என்று நினைத்து விழுங்கிவிடும். அந்த மாதிரி எண்ணைக் கண்டால் நூலகத்தில் கொடுங்கள், மாற்றித் தருவார்கள்.

சரி, டிஓஐ போட்டாயிற்று, போதுமா? போதாது. டிஓஐ பதிப்பகத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே போக அடையாளம் வேண்டும். சில கல்லூரிகளில், வெளியில் இருப்பவரை லாகின் கேட்டுக் கல்லூரி வழியாக உள்ளே விடும் ஈசிபிராக்ஸி இருக்கிறது. அங்கே கல்லூரியின் பிராக்ஸி முகவரியை லிங்க்குக்கு முன்னால் ஒட்ட வேண்டும். ஏற்கெனவே பிராக்ஸி வழியாக வந்த பக்கத்தின் முகவரியை எடுத்து, அதன் முன்னால் இன்னொரு பிராக்ஸி ஒட்டுவது இங்கே சகஜமான தவறு. யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் கட்டுரைக்கும் பிராக்ஸி ஒட்டி, தேவையே இல்லாமல் மாணவரை லாகின் பக்கத்தில் நிறுத்துவதும் உண்டு.

நம் ஊரில் பல இடங்களில் பிராக்ஸி கிடையாது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் இன்ஃபெட் லாகின்தான். பதிப்பகத்தின் பக்கத்தில் ‘உங்கள் நிறுவனம் வழியாக’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக் கல்லூரிப் பெயரைத் தேட வேண்டும். இது மாணவருக்குத் தானாகத் தெரியாது. லிங்க்குக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள், பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே, எல்லாம் திறந்திருக்குமே என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தத் திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் உண்டு. ஆனால் தொடக்கத்தில் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கானது. அரசுக் கல்லூரியில் இருக்கும் நண்பரின் பாடப்பக்கத்தைச் சுயநிதிக் கல்லூரிக்கு அப்படியே நகலெடுத்தால், பாதி லிங்க் பல்லைக் காட்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பிடிஎஃபையே ஏற்றிவிடுகிறேன் என்பார்கள். டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீதான வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பைக் காட்டி, “பாடத்துக்காகப் பிரதி எடுக்கலாம், சட்டம் இருக்கு” என்பவரும் உண்டு. அந்த வழக்கு காகிதப் பிரதிகளைப் பற்றியது. மின் ஜர்னலுக்கு நூலகம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. சில ஒப்பந்தங்கள் ஏற்ற அனுமதிக்கும், சில லிங்க் மட்டும்தான் என்று சொல்லும். கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

எனக்கு இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அறுபது பேர் லிங்க் வழியாகப் படித்தால் பயன்பாட்டுக் கணக்கில் அறுபது ஏறும். பிடிஎஃப் ஏற்றினால் நீங்கள் இறக்கியது மட்டும், ஒன்று. ஆண்டு இறுதியில் சந்தாவைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் அந்தக் கணக்கைத்தான் மேசையில் வைப்பார்கள். ‘யாருமே படிக்கலையே, நிறுத்திடலாம்’ என்று வெட்டுவார்கள். அப்புறம் அதே பேராசிரியர் வந்து சண்டை போடுவார்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டாலும் பிடிஎஃபுக்குத் தெரியாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி லான்செட் மருத்துவ ஜர்னலில் 2020 மே 22 அன்று வந்த ஆய்வு, ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. லிங்க் வழியாகப் போகிறவருக்கு அந்த அறிவிப்பு கண்ணில் படும். மே மாதமே இறக்கி ஏற்றிய பிரதி ஒன்றும் நடக்காத மாதிரி அங்கேயே கிடக்கும்.

மூடுலில் லிங்க்கைப் பக்கத்துக்குள்ளேயே பொருத்தாதீர்கள், புது விண்டோவில் திறக்கும்படி வையுங்கள். பல பதிப்பகத் தளங்கள் இன்னொரு பக்கத்துக்குள் திறக்க மறுக்கும். வெள்ளைக் கட்டம்தான் மிஞ்சும். லிங்க்குக்கு ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று பெயர் வைக்காமல் ஆசிரியர், தலைப்பு, ஜர்னல், ஆண்டு எழுதினால், லிங்க் செத்தாலும் மாணவர் தேடி எடுத்துக்கொள்வார்.

ஜூன் மாதம் போன வருடப் பக்கத்தை ‘இம்போர்ட்’ செய்பவர்கள் லிங்க்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிடுங்கள், வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரமே. இடையில் சந்தா நின்றிருக்கலாம், பிராக்ஸி முகவரி மாறியிருக்கலாம். அந்த வாரம் நூலகத்தில் கூட்டம் இருக்காது. உடைந்த லிங்க் பட்டியலைக் கொண்டுவந்தால் உட்கார்ந்து சரிபண்ணித் தர நேரம் இருக்கும்.