தினம் 20 நிமிடம் பென்சில் பிடிக்க

வரைய உட்கார்ந்த பிறகு எதை வரைவது என்று யோசித்தால், கிடைத்த இருபது நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். முந்தின இரவே நோட்டு, பென்சில், வரையப்போகும் பொருள் மூன்றையும் ஓரிடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். ஆறு மணி என்று வைத்தால், அன்றைக்குத்தான் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் பென்சில் என்று வைத்தால் நிற்கும். மதுரை வெயிலில் வேலை முடிந்து வந்து மாலையில் வரைவது பங்குனியோடு சரி.

ஏ5 அளவில் 120 ஜிஎஸ்எம் கனத் தாள் உள்ள ஸ்கெட்ச் நோட்டு, கொஞ்சம் மிருதுவான 2பி பென்சில். இவ்வளவு போதும். வேர்த்த கை போட்ட கோடுகளை இழுவிவிடும். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதம் ரப்பர் வேண்டாம். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால்தான் எவ்வளவு விலகினோம் என்று தெரியும்.

மூன்று நிமிடம் தோளை அசைத்து வெறும் நீள்வட்டங்கள். பன்னிரண்டு நிமிடம் பொருள். கடைசி ஐந்து நிமிடம் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்து, தேதி போட்டு ஒரே ஒரு பிழையை எழுதுங்கள்.

முதல் வாரம் ஆறு நாளும் ஒரே சொம்பு. அலுப்பாக இருக்கும், ஆனால் பானை, குடம், தூண் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதில் இருக்கிறது. கண்மட்டத்துக்குக் கீழே ஸ்டூலில் வையுங்கள். நடுவே ஒரு செங்குத்துக் கோடு. இரண்டு பக்கமும் அதிலிருந்து அளக்க வேண்டும். வாய்வட்டத்தின் இரு முனையும் கூராக வந்தால், மேல்வளைவையும் கீழ்வளைவையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறீர்கள். தாளைத் தொடாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, அதே வேகத்தில் பென்சிலை இறக்குங்கள். அடிப்பக்கத்தை நேர்கோடாக இழுப்பது எல்லோரும் செய்வது. சொம்பு தட்டையாக நிற்கிறது என்று மனசுக்குத் தெரியும், கை அதைக் கேட்டுவிடும். கண்ணுக்குத் தெரிவது வேறு: அடிவட்டம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிட அதன் வளைவு கூடுதல். சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க நோட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஞாயிறு வெளியே போகலாம். 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் தூண்களை ஒல்லியாக வரைந்துவிடுவோம். முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூணின் அகலம் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். முற்றத்து நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் ஓரத்தை முதலில் குறித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். கோடு பழக ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலை நல்லது.

சித்திரைத் திருவிழா நாட்களில் வீட்டில் உட்கார முடியாது. சட்டைப்பையில் அடங்கும் நோட்டில், அழகருக்குக் காத்து நிற்பவர்களை ஆளுக்கு இரண்டு நிமிடம் வரையுங்கள்; முகம் வேண்டாம், நிற்கிற சாய்வு மட்டும்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் நாற்பது நிமிடம் உட்காராதீர்கள். அந்தப் பாரமே மூன்றாம் நாளையும் கெடுத்துவிடும். நாலு வாரம் முடிந்ததும், எழுதிவைத்த பிழைகளை வரிசையாகப் படியுங்கள். எது அதிகம் திரும்ப வந்திருக்கிறதோ, அதுதான் அடுத்த மாதப் பாடம்.