ட்ரெண்ட் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும் முன்: படத்தில் தெரியாத தவறுகள்

இன்ஸ்டாகிராமில் பார்த்த ப்ளவுஸ் படத்தை டெய்லரிடம் நீட்டி, "அக்கா, இதே மாதிரி வேணும்" என்று சொல்லிவிட்டு, கூடவே பழைய ப்ளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டு வருவோம். பாதித் தவறுகள் அந்த இரண்டு நிமிடத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. படத்தில் டிசைன் தெரியும், அளவு தெரியாது. அந்தத் துணி விறைப்பா தொய்வா, உடுத்தியவர் அதை எத்தனை மணி நேரம் போட்டிருந்தார், பின்பக்கக் கொக்கியை மாட்டிவிட ஆள் இருந்ததா என்பதெல்லாமும் தெரியாது. புதுக் கழுத்து, புதுக் கை எதுவாக இருந்தாலும் நம் தோளுக்கும் நம் பழக்கத்துக்கும் ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொண்டால்தான் இரண்டாவது முறை அதைப் பீரோவிலிருந்து எடுப்போம்.

பழைய அளவு ப்ளவுஸ், புதிய கழுத்து

அதிகம் பேர் செய்வதும், கண்டுபிடிக்கக் கடினமானதும் இதுதான். நன்றாகப் பொருந்துகிற ப்ளவுஸைத்தானே அளவுக்குக் கொடுக்கிறோம், அப்புறம் எப்படித் தப்பும் என்று தோன்றும்.

ஒருவருக்குத் தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை 14½ அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின்கழுத்தை 9 அங்குலம் இறக்கித் தைக்கும்போது டெய்லர் ஷோல்டரை 13½ ஆகவோ, அதற்கும் குறைவாகவோதான் வெட்டுவார். கழுத்து ஆழமானால் துணி இரண்டு பக்கமும் விரியும். குறைத்து வெட்டாவிட்டால் கை தோளிலிருந்து வழியும். அந்த ப்ளவுஸை அளவாக வைத்துப் போட் நெக் (கழுத்தெலும்பை ஒட்டி அகலமாகப் போகும், இறக்கமில்லாத கழுத்து) வெட்டினால் கதை தலைகீழ். போட் நெக்கில் கழுத்து மேலேயே நிற்கிறது, விரிந்துகொடுக்க இடமில்லை. 13½ ஷோல்டர் உங்கள் 14½ தோளில் உட்காரும்போது கைக்குழி முன்பக்கமாக இழுக்கும், அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் விழும், கையைத் தூக்கினால் ப்ளவுஸ் முழுவதும் மேலேறும். "போட் நெக் எனக்குச் செட் ஆகலை" என்று பலர் சொல்வதற்கு உடம்பு காரணமில்லை, அந்த ஒரு அங்குலம்தான் காரணம். இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும்: மூடின கழுத்து ப்ளவுஸை அளவுக்குக் கொடுத்து ஆழமான முதுகு தைத்தால் கை நிற்கவே நிற்காது.

ஆகவே கழுத்து மாறுகிறதென்றால் உடம்பில் நேராக அளவெடுக்கச் சொல்லுங்கள். முழு ஷோல்டர், அக்குளை ஒட்டிய மேல் மார்புச் சுற்று, ஷோல்டரிலிருந்து டாட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) முனை வரையிலான உயரம், கைச்சுற்று ஆகியவற்றைப் பழைய ப்ளவுஸிலிருந்து எடுக்கக் கூடாது. முழங்கை வரை கை வைப்பதென்றால் கையை மடக்கிய நிலையில் சுற்றளவு எடுக்க வேண்டும். நீட்டிய கையில் எடுத்த அளவு, சாப்பிட உட்காரும்போது கவ்விப் பிடிக்கும். அன்றைக்குப் போடப்போகிற உள்ளாடையையே அணிந்து அளவு கொடுப்பதும் முக்கியம். அது மாறினால் டாட் முனை அரை அங்குலம் மேலோ கீழோ போய்விடும், பிறகு எவ்வளவு பிரித்துத் தைத்தாலும் முன்பக்கம் சரியாக உட்காராது.

எல்லாவற்றையும் ஒரே ப்ளவுஸில் போடுவது

பஃப் கை, போட் நெக், முதுகில் ஜன்னல், அதில் தொங்கல் வைத்த கயிறு, கை முழுக்க ஆரி (கொக்கி ஊசியால் போடும் கை எம்பிராய்டரி). தனித்தனியாக ஒவ்வொன்றும் அழகுதான். சேர்த்துப் போட்டால் புடவை தெரியாது.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் அதிக முறை உடுத்திய மூன்று ப்ளவுஸ்களை வெளியே எடுத்துப் பாருங்கள். பிடித்தவை என்று நினைப்பவற்றை விடுங்கள், உண்மையில் உடுத்தியவற்றை மட்டும் எடுங்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், கொக்கி முன்பக்கமா பின்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பதுதான் உங்கள் ஸ்டைல், அதற்குத் தனி வகுப்பு எதுவும் தேவையில்லை. புது ப்ளவுஸில் அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எப்போதும் 6 அங்குலக் கையும் யூ நெக்கும் போடுகிறவர் கழுத்தை அப்படியே வைத்துக் கையை மட்டும் 10½ ஆக்கலாம், அல்லது கையை விட்டுவிட்டுக் கழுத்தை மாற்றலாம். பிடிக்காவிட்டால் எது பிடிக்கவில்லை என்றாவது தெரியும்.

கொக்கி விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. போட் நெக்கை முன்பக்கக் கொக்கியோடு தைத்தால் கழுத்தின் நடுவில் பிளவு தெரியும். அதனால் பின்பக்கம் கொக்கியோ ஜிப்போ வைப்பார்கள். காலையில் தனியாகக் கிளம்பி ஆபீஸ் போகிறவர் அந்த ப்ளவுஸை மாதம் ஒருமுறைகூடத் தொட மாட்டார். கல்யாணத்துக்கு என்றால் பரவாயில்லை, மாட்டிவிட வீடு நிறைய ஆள் இருக்கும். நகையையும் பார்க்க வேண்டும். அட்டிகை போட் நெக்கில் துணிமேல் உட்கார்ந்து எடுபடாமல் போகும். நீளமான ஆரம் அல்லது நல்ல ஜிமிக்கி மட்டும் போட்டால் எடுப்பாக இருக்கும். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டால் துணிக்கு மேல் மேடு தெரியும், வெளியே போடுவதா உள்ளே போடுவதா என்பதைத் தைக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

துணி போதாமல் போவது

புடவையோடு வரும் ப்ளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். 36 அங்குல மார்பளவில், குட்டைக் கை வைத்துத் தைக்க இது போதும். முழங்கைக் கை என்றால் இழுபறி. மேலே சுருக்கம் வைத்த பஃப் கைக்கு ஒவ்வொரு கையிலும் அகலத்தில் 4 முதல் 6 அங்குலம், உயரத்தில் ஒன்றரை முதல் 2 அங்குலம் கூடுதலாக வேண்டும். முழங்கை வரை பஃப் வைக்க 1 மீட்டருக்கு மேல் கையில் இருந்தால்தான் நிம்மதி. துணி குறைந்தால் டெய்லர் சுருக்கத்தைக் குறைப்பார். பஃப் நிமிராது, கைக்குழிக்கு மேல் ஒரு சின்னக் கசங்கல் போல இருக்கும்.

பட்டுப் புடவையின் ப்ளவுஸ் துணியில் இன்னொரு சிக்கல், ஜரிகை பார்டர். பார்டரைக் கை ஓரத்தில் கொண்டுவர வேண்டும் என்போம், கை ஓரத்திலேயே சுருக்கமும் கேட்போம். கெட்டி ஜரிகை சுருங்காது, மடிந்துதான் நிற்கும், அந்த மடிப்பில் இழையும் முறியும். பார்டர் வேண்டுமானால் சுருக்கம் தோளில் மட்டும் இருக்கட்டும்.

பஃப் தோளைத் தாண்டி வெளியே நின்று அகலமாகக் காட்டுகிறது என்ற குறைக்கும் காரணம் உண்டு. பஃப் கைக்கு ஷோல்டரை ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். அப்போதுதான் சுருக்கம் எலும்பின் மேல் எழும்பும், இல்லாவிட்டால் அதற்கு வெளியே தொங்கும். துணியும் ஒத்துழைக்க வேண்டும். பட்டு, கெட்டிக் காட்டன், ரா சில்க் தானாக நிற்கும். ஜார்ஜெட், சிஃபான் விழுந்துவிடும், அதற்கு உள்ளே நெட் வைக்கச் சொல்ல வேண்டும்.

லைனிங்கை நனைக்காமல் தைப்பது சின்னச் சோம்பல்தான், ஆனால் முழு ப்ளவுஸையும் கெடுத்துவிடும். காட்டன் லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கும், மேல்துணி அப்படியே இருக்கும், ஓரமெல்லாம் உள்பக்கம் சுருண்டு கொப்பளம் கொப்பளமாக நிற்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தால் போதும்.

ஆழமான முதுகு

ப்ளவுஸ் உயரம் 14 அங்குலம் என்றால் பின்கழுத்தை 10 இறக்கினால் அடியில் 4 அங்குலப் பட்டை மிஞ்சும். உள்ளாடைப் பட்டையை மறைக்கக் குறைந்தது 3 அங்குலமாவது வேண்டும். ஆகவே உயரம் குறைவாகத் தைப்பவர்கள் படத்தில் இருக்கிற 11 அங்குலத்தை அப்படியே கேட்கக் கூடாது. பின்னால் இறக்கினால் முன்கழுத்தை ஏற்ற வேண்டும். இரண்டையும் ஆழமாக வைத்தால் ஷோல்டரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கயிறு அழகுக்காக மட்டும் இருப்பதில்லை, ஷோல்டரை இழுத்துப் பிடிப்பதும் அதுதான். ஷோல்டர் தையலிலிருந்து 2 அல்லது 2½ அங்குலத்துக்குள் வைத்தால் பிடிக்கும். முதுகின் நடுவில் வைத்தால் தொங்கல் ஆடும், ப்ளவுஸ் வழியும்.

ஆரி ஒர்க்கில் பணத்தை எங்கே போடுவது

முந்தானை இடது தோளில் விழுகிறது. ப்ளவுஸின் இடது முன்பக்கம் முழுவதும், வலது முன்பக்கத்தில் பெரும்பகுதியும் புடவைக்குள்தான் இருக்கப்போகிறது. அங்கே கல்லும் மணியும் வைத்தால் யாருக்கும் தெரியாது, முந்தானைப் பட்டு அதில் மாட்டி இழை இழையாக இழுபடுவதுதான் மிச்சம். வெளியே தெரிவது இரண்டு கைகள், பின்கழுத்து, முன்கழுத்தின் மேல் ஓரம். வேலைப்பாட்டை அங்கே குவியுங்கள். இடது ஷோல்டரில் முந்தானையைப் பிடிக்க சேஃப்டி பின் குத்தும் இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் டெய்லர் துணியில் முன், பின், கை எல்லாவற்றையும் சாக்பீஸில் வரைந்து தர வேண்டும். பிறகுதான் ஆரி போடுகிறவர் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். நேராக ஆரிக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் டெய்லரிடம் போனால், தையல் விழும் கோட்டில் மணி இருக்கும். ஊசி முறியும், அல்லது மணியை உடைத்துவிட்டுத் தைப்பார்கள், அங்கிருந்து நூல் அவிழ ஆரம்பிக்கும். தையல் கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளியே வேலை நிற்கட்டும். பக்கவாட்டில் இரண்டு ஓரமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். ஆரி ப்ளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், உடம்பு கொஞ்சம் கூடினால் பிரித்துவிட இடம் வேண்டாமா?

இஸ்திரியை எப்போதும் உள்பக்கம் திருப்பித்தான் போட வேண்டும். ஜரிகை, சர்தோசி (உலோக இழையில் செய்யும் எம்பிராய்டரி) வேலையின் மேல் சென்ட் அடித்தால் அந்த இடம் கறுக்கும்.

நிறம்

2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த தன் திருமணத்துக்கு அனுஷ்கா சர்மா வெளிர் ரோஜா நிற லெஹங்கா உடுத்தினார். அதன் பிறகு இந்தியக் கல்யாணங்களில் வெளிர் நிறங்களுக்குப் பெரிய மவுசு வந்தது. காஞ்சிபுரம் புடவைகளிலும் பிஸ்தா, லாவண்டர், பீச் என்று கேட்டு வாங்குகிறார்கள். இங்கே தவறு நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில். கடையின் வெள்ளை எல்இடி விளக்கில் மென்மையாகத் தெரிகிற பீச், மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் ஜரிகையோடு கலந்து ஒரே பழுப்பாகத் தெரியலாம். புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, வீட்டு மஞ்சள் பல்பின் அடியில் ஒருமுறை பாருங்கள். வெளிர் புடவை வேண்டும், ஆனால் முகம் சோர்ந்து தெரிகிறது என்கிறவர்கள் புடவையை விட்டுவிட வேண்டியதில்லை. முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ப்ளவுஸ்தானே, உங்களுக்கு எப்போதும் எடுக்கிற அரக்கையோ மயில் நீலத்தையோ அங்கே வையுங்கள்.

அப்படிக் கான்ட்ராஸ்ட் வைக்கும்போது சாயம் போகிறதா என்று பார்க்காமல் தைப்பது வேறொரு தவறு. நனைத்த வெள்ளைக் காட்டன் துணியால் ப்ளவுஸ் துணியின் ஓரத்தை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வியர்வையிலும் ஒட்டும், முந்தானையின் உள்பக்கம் அக்குள் உயரத்தில் ஒரு கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். மேட்சிங் துணி எடுக்கப் போகும்போது புடவையையே கையில் கொண்டுபோங்கள், போன் படத்தை நம்ப வேண்டாம்.

ஆர்கன்ஸாவும் ஷேப்வேரும்

ஆர்கன்ஸா மெல்லியது, ஆனால் விறைப்பானது. கொசுவம் உடம்போடு ஒட்டாமல் விரிந்து நிற்கும். படத்தில் அது மிதப்பது போல இருக்கும், பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் கசங்கிய காகிதம் போல இருக்கும். உள்ளே இருப்பது அப்படியே தெரியும் என்பதால் உள்பாவாடை புடவை நிறத்திலேயே, நெளிவில்லாத துணியில் இருக்க வேண்டும். கொசுவம் ஐந்தாறு போதும்.

உள்பாவாடைக்குப் பதிலாகப் போடும் இறுக்கமான மீள்துணி ஷேப்வேர், சிஃபான், ஜார்ஜெட்டுக்குப் பொருத்தம். கனமான பட்டுப் புடவைக்கு நாடா கட்டிய காட்டன் பாவாடைதான் சரி. மீள்துணியில் செருகிய கொசுவம் புடவையின் கனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், மதியத்துக்குள் புடவை தரையைத் துடைக்கும். அம்மாவின் பழைய பட்டை வெட்டி, கொசுவத்தை முன்பே தைத்து வைத்த "ஒன் மினிட் சாரி" ஆக்குவதைப் பற்றி ஒன்று சொல்லலாம்: வெட்டவே தேவையில்லை. மடித்துப் பின் போட்டுக் கொடுக்கும் ப்ரீ ப்ளீட்டிங் இப்போது பல ஊர்களில் செய்கிறார்கள். விசேஷம் முடிந்ததும் பின்னை எடுத்து மடிப்பைப் பிரித்துவிடுங்கள். அப்படியே மாதக்கணக்கில் வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே ஜரிகை விட்டுப்போகும்.

தேதி

தீபாவளிக்கோ முகூர்த்தத்துக்கோ நான்கு நாள் இருக்கும்போது புது டிசைனைக் கொடுத்தால், டெய்லர் தன் கைக்குப் பழகிய வெட்டில்தான் தைப்பார். குறை சொல்ல முடியாது. வழக்கமான ப்ளவுஸுக்கு அந்த அவசரம் தாங்கும், புதுக் கழுத்துக்குத் தாங்காது. மூன்று வாரம் முன்பு கொடுங்கள். ஆரி என்றால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத் தையலைப் பெரிய தையலாக ஓட்டி, கொக்கி வைக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நின்றால் மட்டும் போதாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், முந்தானையைச் சரிசெய்வது போல இடது தோளைத் தொடுங்கள். ப்ளவுஸ் ஒரு அங்குலத்துக்கு மேல் ஏறினால் கைக்குழியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த நிலையில் அது பத்து நிமிட வேலை, கொக்கியும் பைப்பிங்கும் வைத்த பிறகு யாரும் பிரிக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.