பழைய பேப்பரில் ஒரு புலிக்குளம் காளை

அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைத் தாண்டி வரும் புலிக்குளம் காளையை, வீட்டில் தூக்கிப்போடும் பொருள்களை வைத்தே ஒரு முழ நீளத்தில் செய்துவிடலாம். களிமண்ணும் சூளையும் தேவையில்லை.

எடுத்துவைக்க வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, டேப், மைதா, இரண்டு சட்டைப் பொத்தான், கொஞ்சம் தேங்காய் நார்க் கயிறு, கட்டுக்கம்பி. வீடு கட்டும் இடத்தில் கேட்டால் மிச்சக் கம்பியைக் கொடுப்பார்கள்.

முதலில் எலும்புக்கூடு. இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள். காளையின் நிற்பு இங்கேதான் முடிவாகிறது, பிறகு எத்தனை பேப்பர் ஒட்டினாலும் மாறாது. பாட்டிலைப் படுக்கவைத்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என எதிரெதிராகத் துளை போடுங்கள். கட்டுக்கம்பி மெல்லிசு, நாலு இழையைச் சேர்த்து முறுக்கித் துளை வழியே விட்டு, இரு பக்கமும் கீழே வளைத்தால் கால்கள். முன்னங்கால் ஒன்றைச் சற்று முன்னே தள்ளுங்கள். நாலு காலும் ஒரே மாதிரி நின்றால் பாயும் காளை வராது. கால் நுனிகளை வளைத்து ஒரு பலகைத் துண்டில் ஆணியடித்துவிடுங்கள்.

அடுத்து சதை. பேப்பரைக் கசக்கி டேப்பால் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். திமில் முன்னங்காலுக்கு நேர் மேலே வர வேண்டும். நடுமுதுகுக்குப் போனால் ஒட்டகம் ஆகிவிடும். பாட்டில் கழுத்தில் தலையைக் கட்டி, அட்டையில் காது வெட்டி வையுங்கள். கழுத்தடியில் தொங்கும் அலைதாடியை மறக்காதீர்கள்.

கொம்புக்கு ஒரே கம்பியைத் தலைக்குள் குறுக்கே விட்டு, நுனி மெலிய மெலியப் பேப்பர் சுற்றுங்கள். 1942இல் பிக்காசோ பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். ஹேண்டில்பார்தான் கொம்பு. கொம்பின் வளைவு சரியாக இருந்தால் மற்றதைக் கண்ணே நிரப்பிக்கொள்கிறது.

பசைக்கு, ஒரு டம்ளர் மைதாவை ஐந்து டம்ளர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பாக வரும்வரை கிண்டி ஆறவிடுங்கள். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம்; வீட்டில் வேண்டவே வேண்டாம், உப்பு ஒரு ஸ்பூன் போதும்.

பேப்பரைக் கத்தரியால் வெட்டாமல் இரண்டு விரல் அகலத்துக்குக் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம்தான் தடம் தெரியாமல் படியும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு எழுதாத நோட்டுத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்று உடனே தெரியும். நாலு அடுக்கு வேண்டும். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும். ஐப்பசி மழையில் ஃபேனுக்கு அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் உப்புத்தாள் தேய்த்து, வீட்டுக்கு அடித்த பெயிண்டில் மிஞ்சிய வெள்ளையை ஒரு கை பூசி, மேலே சாம்பல் நிறம். திமிலிலும் கழுத்திலும் இன்னும் கறுப்பு சேருங்கள். கொலு பொம்மைகளுக்குப் பேர்போன விளாச்சேரி மதுரைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. கண் எழுதுவதற்கு முன் அங்கே போய், பொம்மைகளுக்கு எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பொத்தானை ஒட்டி, விழியைக் கறுப்பில் எழுதி, கயிற்றின் நுனியைப் பிரித்து வாலாக வைத்து, கடைசியாக வார்னிஷ் இரண்டு கை அடித்துவிடுங்கள். அடிவயிறு, குளம்பு எதுவும் விடுபடக் கூடாது. ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.